வாசற்காவல் வலுப்பெறட்டும்!

தொழிற்சாலைத் தீவிபத்து பற்றிய செய்திகளில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: "மின்கசிவே காரணம் எனக் கூறப்படுகிறது'. படிப்பவர்களும் அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை. ஆனால், அந்த ஒற்றைச் சொல்லுக்குள் தன்மையால் முற்றிலும் வேறுபட்ட மூன்று குறைகள் ஒளிந்திருக்கின்றன.

தாங்கும் அளவுக்கு மேல் நீண்ட நேரம் மின்னோட்டம் பாய்ந்து கம்பி சூடேறுவது மிகைச்சுமை. இரு மின்முனைகள் நேரடியாக ஒட்டிக்கொண்டு, ஒரு கணத்தில் பல்லாயிரம் ஆம்பியர் பாய்வது குறுக்குச் சுற்று. காப்புறை பழுதாகிச் சிறிதளவு மின்சாரம் உலோக உடலின் வழியே நிலத்துக்குச் செல்வதுதான் உண்மையான மின்கசிவு. மூன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றைத் தடுக்கும் கருவி மற்றொன்றைத் தடுக்கும் என்று எண்ணியிருப்பது, காய்ச்சல் மாத்திரையை எலும்பு முறிவுக்குக் கொடுப்பதைப் போன்றது.

இந்த வேறுபாட்டை இன்று முன்னெப்போதையும்விட அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், நம் ஆலைகளுக்குள் மின்சாரம் பயணிக்கும் வழியே மாறிவிட்டது.

நீலகிரியில் 1932-இல் உற்பத்தியைத் தொடங்கிய பைக்காரா புனல் மின்நிலையம் கோவை வட்டாரத்தின் முகத்தை மாற்றியது. அந்த மின்சாரத்தை நம்பி நூற்பாலைகள் பெருகின. அன்றைய ஆலைக்கு ஒரு மெயின் சுவிட்சும் ஃபியூஸும் ஸ்டார்ட்டரும் போதும். சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஒரே வேகத்தில் சுழலும், அணைத்தால் நிற்கும்.

இன்று அதே ஆலையில் நூற்கும் இயந்திரத்துக்கும் மின்கம்பிக்கும் நடுவே மின்திறன் மாற்றி ஒன்று அமர்ந்திருக்கிறது. தொழிலாளர்கள் அதை "டிரைவ்' என்பார்கள். வார்ப்பாலைகளில் இரும்பை உருக்கும் இண்டக்ஷன் உலைக்கும், சாயப்பட்டறைகளின் விசிறிகளுக்கும் பம்புகளுக்கும், கிரேன்களுக்கும் இத்தகைய மாற்றிகளே உயிர்நாடி.

இவை பெருகியதற்குத் தக்க காரணம் உண்டு. பம்பு, விசிறி போன்றவற்றுக்குத் தேவைப்படும் மின்திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால், தேவைப்படும் திறன் கோட்பாட்டின்படி ஏறத்தாழ 51 சதவீதமாக இறங்கிவிடும். மின்கட்டணம் கழுத்தை நெரிக்கும் காலத்தில் இதைவிடச் சிறந்த சிக்கன வழி வேறில்லை.

ஆனால், டிரைவ் வாங்கும்போது அதன் தயாரிப்பாளர், உத்தரவாதம், விலை ஆகியவற்றைப் பல நாள் ஆராயும் ஆலை உரிமையாளர், அதற்கு முன்னால் நிற்க வேண்டிய பிரேக்கர், ஃபியூஸ், கான்டாக்டர், ஐசொலேட்டர் ஆகியவற்றைப் பேனல் செய்பவரின் பொறுப்பில் விட்டுவிடுகிறார். பேனல் செய்பவரோ குறைந்த விலைப்புள்ளி கொடுத்தால்தான் வேலை கிடைக்கும் என்ற நெருக்கடியில் இருக்கிறார். விளைவு, அரண்மனைக்கு ஓலைத் தட்டியைக் கதவாக வைத்த கதை.

மாற்றியின் உள்ளே மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் மின்திருத்தி. இரண்டாவது, அதைச் சேமித்துச் சீராக்கும் மின்தேக்கித் தொகுதி. மூன்றாவது, அந்த நேர்மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணில் மீண்டும் மாறுமின்னோட்டமாக்கி மோட்டாருக்கு அனுப்பும் பகுதி. மூன்றுமே சாதாரண மோட்டாரைப் போல முரட்டுத்தனமானவை அல்ல; முதலாவதும் மூன்றாவதும் குறைகடத்தியால் ஆனவை.

மோட்டாரின் செப்புச் சுருள் சில நொடிகள் மிகைச்சுமையைப் பொறுத்துக்கொள்ளும். மாற்றியின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் குறுக்குச் சுற்றைத் தாங்கும் காலம் பத்து மைக்ரோ விநாடி அளவே. ஒரு விநாடியை ஒரு லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு! எனவே, மோட்டாருக்குப் பழகிய கையோடு மாற்றிக்கும் கருவி தேர்ந்தெடுப்பது பொருந்தாது.

மாற்றிக்கு முன்னால் நிற்கும் கருவிகளிடம் நாம் எதிர்பார்க்கும் பணிகளில் முதன்மையானவை மூன்று: பழுதுபார்க்க வருபவருக்காக மின்சாரத்தை ஐயமறப் பிரித்து வைத்தல், குறுக்குச் சுற்று நேர்ந்தால் சேதம் பரவுமுன் துண்டித்தல், அன்றாடம் மின்சாரத்தை இணைத்தும் விலக்கியும் தருதல். ஒரே கருவி இவை அனைத்தையும் செய்துவிடும் என்று நம்புவதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

முதலில் பிரித்தல். டிரைவின் முகப்பில் உள்ள "ஸ்டாப்' பொத்தானை அழுத்தினால் மோட்டார் நிற்கும், ஆனால், உள்ளே முழு மின்னழுத்தமும் அப்படியே இருக்கும். கான்டாக்டர் விலகியிருந்தாலும் அதை நம்பிக் கை வைக்கக் கூடாது; அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளக் கூடும். பிரிப்பதற்கென்றே சோதிக்கப்பட்டு, முனைகள் உண்மையிலேயே விலகிய பிறகுதான் "ஆஃப்' என்று காட்டும், பூட்டுப் போட இடமுள்ள ஐசொலேட்டரோ, அதே தகுதி பெற்ற பிரேக்கரோ வேண்டும்.

பூட்டு என்பது சிறு பொருளாகத் தோன்றலாம். ஒருவர் பேனலுக்குள் குனிந்து வேலை செய்யும்போது, மற்றொருவர் அறியாமல் சுவிட்சைப் போடுவதைத் தடுப்பது அந்தப் பூட்டுதான். பூட்டிய பின்னும் அவசரம் கூடாது. மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடியச் சில நிமிடங்கள் ஆகும். எத்தனை நிமிடம் என்பதைத் தயாரிப்பாளர் டிரைவின் மீதே எழுதியிருப்பார். அதுவரை காத்திருந்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். 415 வோல்ட் மின்வழியில் இணைந்த மாற்றிக்குள் நேர்மின்னழுத்தம் 550 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

அடுத்தது குறுக்குச் சுற்று. ஒரு பிரேக்கரில் இரண்டு முக்கிய எண்கள் உண்டு. ஒன்று, அது தொடர்ந்து தாங்கும் மின்னோட்டம். 100 ஆம்பியர், 250 ஆம்பியர் என்பவை இவ்வகை. மற்றொன்று, விபத்து நேரத்தில் அது சிதறாமல் துண்டிக்கக் கூடிய உச்ச மின்னோட்டம். இது கிலோ ஆம்பியரில் குறிக்கப்படும். கடையில் கேட்கும்போது முதல் எண்ணை மட்டுமே சொல்கிறோம். உயிரைக் காப்பது இரண்டாவது எண்.

குறுக்குச் சுற்றின்போது எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் மோட்டாருக்கோ டிரைவுக்கோ அல்ல, ஆலையின் டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான். 433 வோல்ட் தரும் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 667 ஆம்பியர். அதன் உள்மறிப்பு 4 சதவீதம் என்றால், அதன் முனைகளில் குறுக்குச் சுற்று நேரும்போது சுமார் 16.7 கிலோ ஆம்பியர் பாயும். 25 கிலோ ஆம்பியர் பிரேக்கர் அங்கே தாராளமாகப் போதும்.

ஆலை வளர்கிறது, உரிமையாளர் 1,600 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்மறிப்பு 5 சதவீதம் என்றால், இப்போது பாயக்கூடியது ஏறத்தாழ 42.7 கிலோ ஆம்பியர். கேபிளின் நீளத்தைப் பொறுத்து இது சற்றுக் குறையலாம். ஆனால், டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் உள்ள பேனலில் பெரிதாகக் குறையாது. பழைய 25 கிலோ ஆம்பியர் பிரேக்கர்கள் அப்படியே இருக்கின்றன. அவை தினமும் ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன. எவருக்கும் ஐயம் எழுவதில்லை. விபத்து நேரும் அந்த ஒரு கணத்தில், துண்டிக்க வேண்டிய கருவியே வெடிபொருளாக மாறிவிடும். பேனலின் முன் நிற்பவருக்கு அதுவே இறுதிக் கணமாகவும் ஆகிவிடலாம்.

பிரேக்கரின் துண்டிக்கும் திறனிலும் இரு வகை குறிக்கப்பட்டிருக்கும். "ஐ.சி.யு.' என்பது அறுதி எல்லை. அந்த அளவில் துண்டித்த பிரேக்கரை மீண்டும் வழக்கம்போலப் பயன்படுத்தலாம் என்பதற்கு உறுதியில்லை. "ஐ.சி.எஸ்.' என்பது, துண்டித்த பிறகும் தொடர்ந்து பணியாற்றத் தகுதியுள்ள அளவு. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் முதலாவது இருக்கும். இரண்டாவதையும் தேடிப் படிப்பது வாங்குபவரின் கடமை.

ஃபியூஸா, பிரேக்கரா என்பது நெடுநாளைய விவாதம். பிரேக்கர் தட்டி விழுந்தால், காரணத்தைக் கண்டறிந்த பின் மீண்டும் ஏற்றிவிடலாம். ஃபியூஸ் எரிந்தால் புதிதாக மாற்ற வேண்டும். ஆயினும், வேகத்தில் ஃபியூஸை வெல்வது கடினம். பெரிய ஏ.சி.பி. வகைப் பிரேக்கர் மின்சுற்றைத் துண்டிக்கச் சில பத்து மில்லி விநாடிகள் எடுத்துக்கொள்ளும். குறைகடத்திகளைக் காப்பதற்கென்றே செய்யப்படும் ஃபியூஸ், பெரிய குறுக்குச் சுற்றை ஓரிரு மில்லி விநாடிகளிலேயே, மின்னோட்டம் தன் உச்சத்தைத் தொடுமுன்பே அறுத்துவிடும்.

இங்கே ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்த ஃபியூஸும் பத்து மைக்ரோ விநாடியில் எரியாது. ஆகவே, டிரான்சிஸ்டரைக் காப்பது டிரைவின் உள்ளே இருக்கும் மின்னணுப் பாதுகாப்புதான். அது தவறிப்போகும்போது மின்திருத்தியின் டையோடுகளைக் காப்பதும், டிரைவின் பெட்டி வெடித்துத் தீப்பற்றாமல் தடுப்பதும் வெளியே இருக்கும் ஃபியூஸின் வேலை. ஒரு டிரைவை இழப்பது பண நட்டம். பேனல் அறையையே இழப்பது வேறு கதை.

இந்தச் சிறப்பு ஃபியூஸ்களின் மீது "ஏ.ஆர்.' என்ற எழுத்துகள் இருக்கும். இவை குறுக்குச் சுற்றை மட்டுமே தடுக்கும், மிகைச்சுமையைத் தடுக்கா. கேபிளைக் காக்கும் சாதாரண எச்.ஆர்.சி. ஃபியூஸின் மீது "ஜி.ஜி.' என்றிருக்கும். இரண்டும் ஒரே அளவில், ஒரே தாங்கியில் பொருந்தும்படியும் கிடைக்கலாம். நள்ளிரவு ஷிப்டில் ஃபியூஸ் எரிந்து, கையில் கிடைத்ததை மாட்டி ஓட்டும்போது, பாதுகாப்பு சத்தமின்றி விடைபெற்றுவிடுகிறது. இயந்திரம் ஓடுகிறது, காவல் இல்லை. உரிய ஃபியூஸ்களின் ஒரு தொகுதியை எப்போதும் இருப்பில் வைத்திருப்பது, ஒரு நாள் உற்பத்தி இழப்புடன் ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

தைரிஸ்டரால் இயங்கும் மாற்றிகளுக்குத் தனிக் கவனம் தேவை. கிரேன் சுமையை இறக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி, ஆற்றலை மின்வழிக்குத் திருப்பி அனுப்பும். அந்த நேரத்தில் மின்னழுத்தம் திடீரெனச் சரிந்தாலோ, உள்ளீட்டுக் கான்டாக்டர் விலகினாலோ, தைரிஸ்டர்கள் கட்டுப்பாட்டை இழந்து பெரும் மின்னோட்டம் பாயும். ஆகையால், மின்வழிப் பக்கம் மட்டுமன்றி நேர்மின்னோட்டப் பக்கத்திலும் ஃபியூஸ் வைக்க வேண்டும். முதலில் மாற்றியை நிறுத்தி, பிறகே கான்டாக்டரை விலக்கும் வரிசையையும் அமைக்க வேண்டும்.

இனி, தொடர்ந்து பாயும் மின்னோட்டம். மின்திருத்தி, மின்வழியிலிருந்து சீரான அலையாக மின்சாரத்தை இழுப்பதில்லை. மின்தேக்கி நிரம்பும் கணங்களில் மட்டும் துடிப்புத் துடிப்பாக உறிஞ்சுகிறது. இதனால் 50 ஹெர்ட்ஸ் அலையோடு 250, 350, 550, 650 ஹெர்ட்ஸ் அலைகளும் கலந்துவிடுகின்றன. "ஹார்மோனிக்ஸ்' என்று பொறியாளர்கள் கவலைப்படுவது இதைத்தான்.

சோக் எதுவும் இல்லாத டிரைவில் இந்தக் கலப்பு 80 சதவீதம் வரையிலும் அதற்கு மேலும் போகலாம். அடிப்படை அலை 100 ஆம்பியர் என்றால், கம்பியில் உண்மையில் பாய்வது 128 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப எழுவதால், அது 1.6 மடங்குக்கு மேல் ஆகிவிடும். எனவே, மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கேபிளும் பிரேக்கரும் தேர்ந்தெடுக்காமல், டிரைவின் கையேட்டில் தரப்பட்டுள்ள உள்ளீட்டு மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

டிரைவுக்கு முன்னால் 3 முதல் 5 சதவீத மறிப்புள்ள ஒரு லைன் சோக் வைத்தால், இந்தக் கலப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மின்வழியில் எழும் திடீர் மின்னழுத்த உயர்வுகளையும் அது ஓரளவு உள்வாங்கும். விலைப்புள்ளியிலிருந்து முதலில் நீக்கப்படும் பொருளும் பெரும்பாலும் இதுதான் என்பது வேதனை.

மின்திறன் காரணியைச் சீராக்க வைக்கப்படும் கபாசிட்டர் தொகுதிகளுக்கும் இதில் பங்கு உண்டு. மடங்கு அதிர்வெண் அலைகள் கபாசிட்டர்களை நாடிச் செல்லும். டிரான்ஸ்ஃபார்மரும் கபாசிட்டரும் அதே அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்தால் மின்னோட்டம் பன்மடங்காகப் பெருகும். கபாசிட்டர்கள் அடிக்கடி உப்பி வெடித்தால், "மட்டமான சரக்கு' என்று கடைக்காரரைக் குறை சொல்லுமுன், டிரைவ்களின் எண்ணிக்கையை எண்ணிப் பார்க்க வேண்டும். கபாசிட்டருடன் 7 சதவீதச் சோக் இணைத்தால் அதன் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, 250 ஹெர்ட்ஸ் அலையிடமிருந்து தப்பிவிடும்.

நம் ஊர் வெயிலையும் மறக்கலாகாது. சுவிட்ச்கியர்களுக்கான ஐ.இ.சி. 60947 தரநிலை, சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, ஒரு நாளின் சராசரி 35 டிகிரிக்கு மேல் போகாது என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. சித்திரை மாத நண்பகலில், டிரைவ் கக்கும் சூட்டுடன் மூடிய பேனலுக்குள் இருக்கும் வெப்பம் அதை எளிதில் கடக்கும். பெயரளவில் 100 ஆம்பியர் தாங்கும் பிரேக்கர், அந்தச் சூட்டில் அவ்வளவு தாங்காது. தயாரிப்பாளர் தரும் வெப்பக் குறைப்பு அட்டவணையைப் பார்த்து, ஒரு படி பெரிதாக வாங்கவோ, பேனலுக்குக் காற்றோட்டம் அமைக்கவோ வேண்டும்.

கான்டாக்டர் விஷயத்தில் நிலைமை சற்று ஆறுதலானது. நேரடியாகத் தொடங்கும் மோட்டார் தன் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும், அதற்கு "ஏ.சி.-3' வகைக் கான்டாக்டர் வேண்டும். டிரைவ் அத்தகைய பாய்ச்சலை மின்வழிக்குக் காட்டாது, எனவே "ஏ.சி.-1' தகுதி போதும். இங்கே பணம் மிச்சமாகும்.

ஆனால், அந்தக் கான்டாக்டரைக் கொண்டே இயந்திரத்தை ஓட்டவும் நிறுத்தவும் கூடாது. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் உள்ளே உள்ள மின்தேக்கிகள் ஒரு மின்தடை வழியே நிரம்புகின்றன. மணிக்கு எத்தனை முறை இணைக்கலாம் என்று கையேடு வரம்பு சொல்லும். அதை மீறினால் அந்த மின்தடை கருகும்; பிறகு டிரைவே பயனற்றதாகும். ஓட்டுவதும் நிறுத்துவதும் டிரைவின் கட்டுப்பாட்டு முனைகள் வழியாகவே நடக்க வேண்டும்.

இறுதியாக, உண்மையான மின்கசிவு. அதைக் கண்டறியும் கருவிகளில் "ஏ.சி.' வகை, மாறுமின்னோட்டக் கசிவை மட்டுமே உணரும், "ஏ' வகை துடிப்பான நேர்மின்னோட்டத்தையும் உணரும். மூன்று கட்ட டிரைவில் பழுது ஏற்பட்டால், ஏற்ற இறக்கமற்ற நேர்மின்னோட்டமே கசியக் கூடும். அதை இவ்விரு வகைகளும் உணரா. அதுமட்டுமன்றி, அந்தக் கசிவு அவற்றின் காந்த உள்ளகத்தை மந்தமாக்கி, மற்றக் கசிவுகளுக்கும் குருடாக்கிவிடும். டிரைவ் உள்ள வழியில் கசிவுக் காப்பு வேண்டுமானால் "பி' வகைக் கருவியே பொருத்தமானது. சோதனைப் பொத்தானை அழுத்தினால் தவறான வகையும் தட்டி விழும் என்பதுதான் இதிலுள்ள பெரிய ஏமாற்று.

மேலே கூறியவற்றில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமில்லை. டிரைவ் தயாரிப்பாளர்கள், எந்த டிரைவுக்கு எந்த ஃபியூஸ் அல்லது பிரேக்கர், எத்தனை கிலோ ஆம்பியர் வரை என்று சோதித்த அட்டவணையைக் கையேட்டிலேயே தருகிறார்கள். தாங்கும் திறன் என்பது டிரைவும் காப்புக் கருவியும் சேர்ந்த இணைக்கே உரியது. அட்டவணையில் உள்ள கருவிக்குப் பதிலாக "அதே ஆம்பியர்தான்' என்று வேறொன்றை வைத்தால், அந்த உறுதி இல்லாமல் போகிறது.

சட்டமும் மௌனமாக இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் மின்நிறுவல்களின் பாதுகாப்பை வலியுறுத்துகின்றன. தமிழகத்தில் மின் ஆய்வுத் துறையும் இருக்கிறது. ஆனால், ஒருமுறை ஒப்புதல் பெற்ற ஆலையில் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றும்போதும் டிரைவ்களைச் சேர்க்கும்போதும், குறுக்குச் சுற்றுக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை.

அதற்குச் சில எளிய நடைமுறைகள் போதும். ஒவ்வொரு பேனலின் கதவிலும், அந்த இடத்தில் பாயக்கூடிய குறுக்குச் சுற்று மின்னோட்டமும், பிரேக்கரின் துண்டிக்கும் திறனும், ஃபியூஸின் வகையும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். விலைப்புள்ளி கேட்கும்போதே இந்த விவரங்களை எழுத்து வடிவில் கேட்டால், விலையை மட்டும் வைத்து நடக்கும் போட்டி தரத்துக்கான போட்டியாக மாறும். தொழிலகச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காக ஒரு பொறியாளரை அமர்த்தி இந்தக் கணக்கைப் போட்டுத் தரலாம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பாடங்களில் மோட்டார் ஸ்டார்ட்டருக்குத் தரப்படும் இடம் மாற்றிகளின் காப்புக்கும் தரப்பட வேண்டும்.

"வெள்ளம் வருமுன் அணை போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்று வெள்ளம் வருவதற்கு முன் வானம் கறுக்கும். ஊர் எச்சரிக்கை பெறும். மின்வெள்ளத்துக்கு அத்தகைய முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. அது வரும் நேரத்தில் பேனல் அறையில் இருப்பவர் பெரும்பாலும் இரவு ஷிப்டு எலக்ட்ரீஷியன்தான்; கருவியைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்குப் பங்கில்லை. அதன் விலையைத் தீர்மானித்தவர்கள், ஒப்பமிடுமுன் பேனல் அறைக்கு ஒருமுறை சென்று, அந்தக் கிலோ ஆம்பியர் எண்ணைத் தாங்களே படித்துப் பார்க்கட்டும்.